பெட்டிக்காரிக்கு நான் எழுதிய நாலு வரி

பத்தாவது வரை படித்தவள் என்பதால் எங்கள் கொட்டகையில் படிவம் நிரப்புகிற வேலை எனக்கு வந்தது. வேலை என்று சொல்வது தப்பு, பதவி என்று சொல்ல வேண்டும். சுனாமி வந்துபோன மறுவருஷம் எங்கள் கரையில் பேனா பிடிக்கத் தெரிந்தவளுக்கு இருந்த மரியாதை சொந்தப் படகு வைத்திருந்தவனுக்குக்கூட இல்லை. படகுக்கு ஒரு படிவம், வலைக்கு ஒரு படிவம், வீட்டுக்கு, பாத்திரத்துக்கு, பிள்ளைகளின் புத்தகத்துக்கு என்று தாள் தாளாக வந்துகொண்டே இருந்தது. யார் யாரோ கொண்டுவந்தார்கள். யார் கொண்டுவந்தாலும் அதில் ஒரு கட்டம் தவறாமல் இருக்கும்: என்ன இழந்தீர்கள்?

வயதைத் தப்பாக எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். தெருப் பெயரை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் மட்டும் தாள் திரும்பி வந்துவிடும். இரண்டு மூன்று முறை அப்படித் திரும்பி வந்து, திட்டு வாங்கி, எனக்குப் புத்தி வந்தது. அதன் பிறகு பெயர் எழுதுவதற்கு முன்னாலேயே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவேன். எங்கள் குப்பத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டார்கள். கை அதற்குப் பழகிவிட்டது.

கொட்டகை என்று சொன்னேனே, அது மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நிவாரணமாகக் கட்டிக் கொடுத்தது. மெட்ராஸிலிருந்து போகிற கார்கள் நிற்கும் என்று கணக்குப் போட்டு அங்கே போட்டிருந்தார்கள். கார்களும் நின்றன. உப்பு அம்பாரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள இறங்குவார்கள், அப்படியே எங்களிடம் வந்து ஏதாவது வாங்குவார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள். ஏழு பேர் மீனவக் குப்பத்துக்காரர்கள், சிப்பியிலும் சங்கிலும் சாமான் செய்கிறவர்கள். நான் சாவிக்கொத்து செய்வேன், அதுவும் சுமாராகத்தான். எட்டாவது ஆள் மட்டும் உப்பளத்துக்கு மேற்கே இருக்கிற ஊர்க்காரி, அவளும் புருஷனும் உப்பளத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவள் முடைவது பனை ஓலைப் பெட்டி. எங்களுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை, விற்கிற பொருள்தான் பெயர். அவள் பெட்டிக்காரி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள் என்பதால் நான் மட்டும் அக்கா என்பேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்டி முடைகிறவர்கள் பெட்டியை முடித்துவிட்டு அதற்குத் தகுந்த மாதிரி மூடி போடுவார்கள். இவள் தலைகீழ். மூடியை முதலில் முடித்து வைத்துவிட்டு, பெட்டியை அதற்குள் நுழைகிற அளவுக்குப் பின்னிக்கொண்டு வருவாள். ஓலை காயக் காய எவ்வளவு சுருங்கும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். மூடியைப் போட்டு அழுத்தினால் காற்று வெளியே போகிற சத்தம் கேட்கும். திறக்க இரண்டு கையும் வேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பீடி, தீப்பெட்டி, வெற்றிலை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். எங்கள் உப்புக் காற்றில் தீக்குச்சி நமத்துப்போகாமல் இருக்கிறதென்றால் சும்மா இல்லை. சாயம் போட மாட்டாள். வெளுத்த ஓலை, அவ்வளவுதான்.

ஆனால் காரில் வருகிறவர்களுக்கு அது பெட்டியாகவே தெரியவில்லை. எங்கள் கொட்டகையில் நன்றாக ஓடியது சிப்பி பதித்த கண்ணாடி. அதைச் செய்கிறவள் கண்ணாடிக்காரி. கண்ணாடியை வாங்குகிறவர்கள், உடையாமல் கொண்டுபோக வேண்டுமே என்று சுற்றிப் பார்ப்பார்கள். பெட்டிக்காரியின் பெட்டியைக் காட்டி, "அதுல வெச்சுக் குடுத்துடுங்க" என்பார்கள். கடையில் காகிதப் பை கேட்கிற மாதிரி. ஒருநாள் ஒரு அம்மாள் அப்படிச் சொல்ல, பெட்டிக்காரி எழுந்துபோய், "அதுவும் விக்கிறதுதாங்க" என்றாள். அந்த அம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "ஓ, இதுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த "இதுக்குமா"வை பெட்டிக்காரி மாசக்கணக்கில் தூக்கிச் சுமந்தாள். சாப்பிடும்போது திடீரென்று சொல்வாள், "இதுக்குமான்னு கேட்டா பாத்தியா." ஓலை கிழிக்கும்போது சொல்வாள். எனக்கே எரிச்சல் வந்து, "விடேன்க்கா, யாரோ ஒருத்தி சொன்னதுக்கு" என்பேன். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது ஒருத்தர், உள்ளே வேறு எதையும் வைக்காமல், பெட்டியைப் பெட்டிக்காகப் பார்க்க வேண்டும். அவ்வளவே.

அவள் எங்களோடு இருப்பது கொட்டகையில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தல். சுனாமி நிவாரணத்தில் வந்த கொட்டகை, அவள் ஊரில் அலை வரவே இல்லை. கழிமுகம் வழியாகத் தண்ணீர் ஏறி உப்புப் பாத்திகள் சிலது மூழ்கியதோடு சரி, அதுவும் முதலாளியின் பாத்தி. கண்ணாடிக்காரி ஒருமுறை நேராகவே கேட்டாள், "அல எங்க வூட்டத்தான தூக்கினு போச்சி? இவங்களுக்கு இன்னா போச்சி?" கண்ணாடிக்காரிக்கு அப்படிக் கேட்க உரிமை இருந்தது. அந்தக் காலையில் அவளுடைய ஐந்து வயதுப் பெண் போய்விட்டது. பெட்டிக்காரி தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் போவலதான்" என்றாள்.

சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகிற சமயம், மார்கழியில், மெட்ராஸிலிருந்து தொண்டு நிறுவனத்துப் பெண் ஒருத்தி வந்தாள். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கேமரா வைத்திருந்தாள். இன்டர்நெட்டில் ஒரு கண்காட்சி நடக்கப் போகிறது, கைத்தொழில் செய்கிறவர்களின் பொருள்களைத் தேர்ந்தெடுத்து அதில் காட்டுவார்கள் என்றாள். ஆளுக்கு ஒரு பொருளைப் படம் எடுத்தாள். பெட்டிக்காரியின் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இத உப்பு மேல வெச்சு எடுக்கலாமா?" என்று கேட்டாள். மழைக்குக் கீற்றுப் போட்டு மூடியிருந்த பழைய அம்பாரம் ஒன்று எதிரே இருந்தது. பெட்டிக்காரியின் புருஷன் ஓடிப்போய் நாலு கீற்றை விலக்கிக் கொடுத்தார். படம் எடுத்துவிட்டு எட்டுப் படிவங்களை என் கையில் கொடுத்து, "நீங்களே நிரப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் உட்கார்ந்தேன். இந்தப் படிவத்தில் என்ன இழந்தீர்கள் என்ற கேள்வி இல்லை. கடைசியில் ஒரு பெரிய கட்டம், அதற்கு மேல் "உங்களைப் பற்றி நாலு வரி" என்று மட்டும் போட்டிருந்தது. எனக்கா தெரியாது? கேள்வியைத்தான் நாசூக்காக மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக்காரி பக்கத்தில் வந்து, "எம் பொண்ணப் பத்தி எழுதாத. வேற இன்னா வேணா எழுதிக்க" என்றாள். வீடு, பாத்திரம், தையல் மிஷின் என்று எழுதினேன். அவள் பெண்ணை எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் பெட்டிக்காரியின் தாள். பேனா நின்றுவிட்டது. ஒன்றும் போகாதவளுக்கு என்ன எழுத? காலியாக விட்டால் திரும்பி வரும். எட்டில் இவளுடையது மட்டும் திரும்பி வந்தால், சுனாமி பாதிக்காதவள் எதற்கு இங்கே என்ற பேச்சு மறுபடி கிளம்பும். அவள் அந்தப் பக்கம் யாரோ ஒருவரிடம் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். எழுதினேன்: "சுனாமியில் கணவரைப் பறிகொடுத்தவர். உப்பளத்தில் கூலி வேலை செய்துகொண்டு, பெட்டி முடைந்து, தனி ஆளாகக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்."

எழுதும்போது அந்தக் கணவர் சாலையோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை. பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். தப்பு செய்கிறோம் என்று ஒரு சொட்டுகூடத் தோன்றவில்லை. படிவத்தில் எழுதுவதை நாங்கள் நிஜம் என்றும் நினைப்பதில்லை, பொய் என்றும் நினைப்பதில்லை. அது படிவத்துக்கு எழுதுவது, அவ்வளவுதான். விரலை வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. எழுதியதை நானும் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

மாசியில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். உப்பு எடுக்க ஆரம்பித்துவிட்ட சமயம், வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூசியது. எங்கள் எட்டில் ஒன்று தேர்வாகியிருக்கிறது என்றாள். எல்லாரும் கண்ணாடிக்காரியைப் பார்த்தோம். கண்ணாடிக்காரியே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஓலைப் பெட்டி" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடிக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள், "எந்தப் பொட்டி?" கொட்டகையில் பெட்டி செய்கிறவள் ஒருத்திதான் என்பது மறந்துபோகிற அளவுக்கு அதிர்ச்சி.

பெட்டிக்காரி இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். "எம் பொட்டியா? பொட்டி மட்டுமா? உள்ள ஒண்ணும் வெக்காமயா?"

"பெட்டி மட்டும்தாங்க்கா."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கத் தெரியாதவள் மாதிரி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மற்றவர்கள் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்கள். எந்த ஊரில் நடக்கிறது, பாண்டியா மெட்ராஸா? எந்த ஊரிலும் இல்லை. ஹால் இல்லாமல் எப்படிக் கண்காட்சி? கம்ப்யூட்டரில் நடக்கிறது, உலகம் முழுக்கப் பார்க்கலாம். "அப்ப பொட்டிய அனுப்ப வேணாமா? இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்குமா?" இருக்கும். "எவனாவது அங்கருந்து எடுத்துனு போயிட்டா?" அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்து, பாண்டியில் ஏதாவது ப்ரவுசிங் சென்டரில் காட்டினால் திறந்து காட்டுவார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை நான்கு பேர் பஸ் ஏறினோம். பெட்டிக்காரி கல்யாணப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் பெரிய பொட்டோடு வந்தாள். அவள் புருஷன் வெள்ளைச் சட்டை. கையில் அந்தப் பெட்டி. படம் எடுத்த பெட்டியை அவள் விற்கவில்லை, அவர் பீடிக்கு வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அதுவும் பாக்கட்டுமே" என்றார். கண்ணாடிக்காரியும் வந்தாள். அவள் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை.

ப்ரவுசிங் சென்டர் மாடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஏ.சி. குளிரில் பெட்டிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி போட்ட, நாற்பது வயது இருக்கும் ஒரு மனிதர் சீட்டை வாங்கிப் பார்த்து, மரியாதையாக நாலு நாற்காலி போட்டார். திரையில் படம் ஒரேயடியாக வரவில்லை, மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வெறும் வெள்ளை.

"நம்ம உப்பு!" என்றார் புருஷன்.

பிறகு மூடி வந்தது. மூடியின் ஓரம் வந்தது. பெட்டி வந்தது. பக்கத்தில் கண்ணாடி இல்லை, சாவிக்கொத்து இல்லை, ஒரு ஆள் இல்லை. உப்பின் மேல் பெட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் தினமும் பார்த்த பெட்டி, இவ்வளவு அழகு என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டிக்காரி மூச்சு விடவில்லை. கண்ணாடிக்காரி மெதுவாக, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்தது பெரிய விஷயம்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. "என்னா போட்டிருக்குது, படிங்க சார்" என்றார் புருஷன்.

அந்த நொடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் சார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் திரைப்பக்கம் குனிந்துவிட்டார்.

அவர் ஒருமுறை மனசுக்குள் படித்தார். முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "மரக்காணம் உப்பளத்துல வேலை செய்யறவங்களாம். சுனாமியில வீட்டுக்காரர பறிகொடுத்துட்டாங்களாம். தனியா நின்னு குடும்பத்த காப்பாத்துறாங்களாம்." சொல்லிவிட்டு அனுதாபத்தோடு நிமிர்ந்து பார்த்தவர், பூவையும் பொட்டையும் தாலியையும் பார்த்துக் குழம்பிப்போனார். புருஷனிடம் திரும்பி, "நீங்க இவங்க அண்ணனா?" என்று கேட்டார்.

"நான்தாங்க அந்த வூட்டுக்காரன்" என்றார் அவர். பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொட்டகையில் பேனா பிடிக்கிறவள் யார் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. "நான்தான் எழுதினேன்" என்றேன். "எதனா எழுதலன்னா திருப்பி அனுப்பிடுவாங்களேன்னு..."

புருஷன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நம்ப முடியாதவர் மாதிரி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல என்ன சாவடிச்சிட்டியேம்மா" என்றார்.

கோபப்பட்டது கண்ணாடிக்காரி. படிக்கட்டில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "எம் பொண்ணு போனத எழுதாதன்னு நான் சொன்னேன். நீ எழுதல. சரி. போவாதவர எதுக்குடி போவ வெச்ச? சாவுன்னா ஒனக்கு அவ்ளோ லேசாப் போச்சா?" பாண்டி ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

பெட்டிக்காரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாலியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தாள். பொம்மையார்பாளையம் போயிற்று. கீழ்புத்துப்பட்டு போயிற்று. புருஷனைக் கொன்றுவிட்டேன் என்று திட்டப் போகிறாள், அவமானத்தில் அழப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். மரக்காணம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ பொட்டியப் பாத்து எடுக்கலியா? தாலி அறுத்தவன்னு பாவப்பட்டுத்தான் எடுத்தாங்களா?"

அவள் எதற்காக அப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. தெரியாது என்று சொன்னேன். நிஜமாகவே தெரியாது. அவள் திரும்பவும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் கொட்டகைக்கு வரவில்லை. உப்பளத்தில் அவள் புருஷனைப் படாத பாடு படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "செத்தவரு வர்றாரு, வழி வுடுங்கடா" என்று கிண்டலாம். அவரும் சிரித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் "எனக்குப் படையல் எங்கடா?" என்று கேட்கிறாராம். அந்த மனிதருக்கு நான் எத்தனை முறை கும்பிடு போட்டாலும் தகும். நாலாம் நாள் நானே வரப்பு மேல் நடந்து அவளைத் தேடிப் போனேன். முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகி, உப்பு வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாரிய உப்பை வரப்பில் கொட்டிவிட்டு, "பேனா கொணாந்தியா?" என்று கேட்டாள்.

இருந்தது. என்னிடம் எப்போதும் இருக்கும்.

"எழுது. எம் புருஷன் இருக்காரு. சுனாமியில எனக்கு ஒண்ணும் போவல. எழுதிக் குடுத்தது தப்பு. பொட்டி நல்லா இருந்தா வெச்சிக்கங்க. இல்லன்னா எடுத்துடுங்க."

"எடுத்துடுங்கன்னு நம்மளே எதுக்குக்கா சொல்லணும்? தப்ப மட்டும் மாத்திக்கங்கன்னு கேக்கலாம். நைசா எழுதறேன்."

"நீ நைசா எழுதனதெல்லாம் போதும். நான் சொன்னத எழுது. எனக்குத் தெரியணும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். கடைசியில், இதையெல்லாம் எழுதியது நான்தான், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று என் கணக்கில் ஒரு வரி சேர்த்தேன். அதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் மேல் உப்பு ஒட்டியிருந்தது.

கடிதத்தை அந்த மெட்ராஸ் பெண்ணுக்குத் தபாலில் போட்டேன். பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. அவள் கொட்டகைக்கு வர ஆரம்பித்திருந்தாள். ஆனால் முடைவதில்லை, இருந்த பெட்டிகளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். காரில் வந்தவர்கள் "அதுல வெச்சுக் குடுங்க" என்றால் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடுவாள். கண்ணாடிக்காரிதான் குறுக்கே புகுந்து, "அது தனிங்க, வாங்கிக்கறதுன்னா வாங்கிக்கங்க" என்பாள். எப்போது அவள் பெட்டிக்காரியின் பக்கம் சேர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. ப்ரவுசிங் சென்டரில் இருக்கலாம்.

ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும், அந்த மெட்ராஸ் பெண் வந்தாள். சிரிப்பில்லை. ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்து, "நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றாள். அந்த "நீங்களே"வில் இருந்த சூடு எனக்குப் புரிந்தது. பெட்டிக்காரி எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

மேலே முதல் வரி, விவரம் உண்மையல்ல என்று தெரிய வந்ததால் அந்தப் பக்கத்தைக் கண்காட்சியிலிருந்து நீக்கிவிட்டோம் என்றது. கீழே இன்னொரு வரி இருந்தது. விரலை அந்தக் கீழ் வரியில் வைத்து, அதை மட்டும் சத்தமாகப் படித்தேன்: "தேர்வு செய்தவர்களுக்குப் படங்கள் மட்டுமே எண் போட்டு அனுப்பப்பட்டன. படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே படிவங்கள் பிரிக்கப்பட்டன."

பெட்டிக்காரிக்கு உடனே பிடிபடவில்லை. "அப்படின்னா?"

"அவங்களுக்கு யாரு செஞ்சதுன்னே தெரியாதுக்கா" என்றாள் அந்தப் பெண். "பேரு தெரியாது, ஊரு தெரியாது. பெட்டியோட படம் மட்டும்தான் போச்சு."

"பொட்டியத்தான் பாத்தாங்களா?"

"பெட்டியத்தான்."

பெட்டிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் இரண்டும் பொங்கிவிட்டது. "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தரம்." படித்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் உப்பு மூட்டை தைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, "ஏங்க! பொட்டியத்தான் பாத்தாங்களாம்! பொட்டிய மட்டும்தான் பாத்தாங்களாம்!" என்று கத்தினாள். லாரிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, சும்மா கையைத் தூக்கி ஆட்டினார்.

நான் கடிதத்தை மடிக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முடைகிறவள், வரிசையில் ஒரு ஓலை தாண்டினால் கண் உடனே அங்கே போய் நிற்கும்.

"மேல ஒரு வரிசை இருக்குதே. மூணு தரமும் அத வுட்டுட்டு, கீழருந்துதான் வெரல வெச்ச. மேலருந்து படி."

படித்தேன். அவள் அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கட்டத்துல ஒண்ணுமே எழுதாம வுட்டிருந்தா?"

"காலியாவே போட்டிருப்போம்கா. படம் இன்னிக்கும் இருந்திருக்கும்."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று சொல்வார்களே, நான் மனசார அப்படி வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அழுதேன். எல்லாருக்கும் முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பெட்டிக்காரி என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கிடந்த ஓலையைப் பிரித்து ஒரு மூடியை ஆரம்பித்தாள். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஓலையைத் தொட்டாள்.

மழைக்கு முன்னால் வேறு யாரோ ஒரு நிறுவனத்திலிருந்து மறுபடி படிவம் கொண்டுவந்தார்கள். வேறு யாருக்கு எழுதத் தெரியும், என்னிடம்தான் வந்தது. பெட்டிக்காரியின் தாளை எடுத்தபோது அவள் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எது அந்தக் கட்டம்?" என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். பக்கத்திலிருந்த பெட்டி ஒன்றை எடுத்து, மூடியை அழுத்தி மூடி, அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"இப்ப மத்தத எழுது" என்றாள்.